மழைநாள் அறிவித்தலும் முப்பது நாள் கேஷும்: எந்தப் பக்கத்துக்கு எந்த ஹெடர்?

மார்கழி மழை, சனிக்கிழமை காலை ஆறரை மணி. மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தைக் கடந்து நனைந்தபடி வந்த ஏழெட்டுப் பிள்ளைகள் பூட்டிக் கிடந்த டியூட்டரி வாசலில் ஒதுங்கி நிற்கிறார்கள். வகுப்பு இல்லை என்று சேர் முதல்நாள் இரவே இணையத்தளத்தில் அறிவித்தல் போட்டுவிட்டார். அவருடைய போனில் அது தெரிகிறது. பக்கத்து ஒழுங்கையிலிருந்து குடையோடு ஓடிப்போன என் போனிலும் தெரிகிறது. பிள்ளைகளின் போனில் மட்டும் “சனிக்கிழமை வகுப்பு வழமைபோல் 6.30க்கு” என்ற பழைய வரி அப்படியே கிடக்கிறது. “சேர், வகுப்பு இருக்கெண்டுதானே இதில கிடக்கு?” என்று ஒரு பிள்ளை போனை நீட்ட, சேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பிழை என்னுடையதுதான். தளம் மெதுவாகத் திறக்கிறது என்று சொன்னதால் அந்தக் கிழமைதான் சேர்வரின் கொன்பிக் (அமைப்பு) கோப்பில் ஒரு வரி சேர்த்திருந்தேன். எதைக் கொடுத்தாலும் 30 நாள் வைத்துக்கொள் என்று பிரவுசருக்குச் சொல்லும் வரி. படம், எழுத்துரு, ஸ்டைல்ஷீட் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். முகப்புப் பக்கத்துக்கும் பொருந்தும் என்பதைத்தான் நான் யோசிக்கவில்லை. அறிவித்தல் போட்ட கையோடு சேர் பக்கத்தை ரிஃப்ரெஷ் பண்ணிப் பார்த்தார். ரிஃப்ரெஷ் பண்ணினால் பிரவுசர் சேர்வரிடம் போய்க் கேட்கும். பிள்ளைகள் வட்ஸ்அப்பில் இருந்த இணைப்பைத் தட்டினார்கள், தட்டினால் கேட்காது. கையில் 30 நாள் தவணையோடு ஒரு பிரதி இருக்கும்போது அது ஏன் கேட்கப்போகிறது?

இப்படிப் பிரதி எடுத்து வைத்துக்கொள்வதுதான் கேஷ். சேர்வர் தன் பதிலோடு சேர்த்து அனுப்பும் குறிப்பு வரிதான் ஹெடர், எவ்வளவு காலம் வைக்கலாம் என்பதும் அதில்தான் போகும். அன்றிலிருந்து இந்த ஹெடர் விஷயத்தில் என்னென்ன தெரிவுகள் இருக்கின்றன, எது எந்தப் பக்கத்துக்குச் சரிவரும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறேன். சின்னத் தளம் நடத்துகிறவர்களுக்கு, டியூட்டரி, கோயில், கடை, பாசிக்குடாவில் தங்குமிடம் எதுவானாலும், இந்தக் கணக்கு உதவும். இங்கே எல்லாப் பெயரையும் தமிழில் எழுதுகிறேன். கொன்பிக் கோப்பில் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், அது உங்களுக்குத் தெரியும்.

முதலில் பிரிப்பதிலேயே பிழை

வழக்கமாகப் பக்கங்களை இரண்டாகப் பிரிப்பார்கள். டிஸ்கில் கோப்பாகவே கிடப்பது நிலையானது. கேட்கும்போது பிஎச்பி போன்ற நிரல்மொழியில் எழுதிய ஒன்று ஓடி உருவாக்கிக் கொடுப்பது மாறும் பக்கம். நிலையானதுக்கு நீண்ட தவணை, மாறுவதற்குத் தவணையே இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இந்த டியூட்டரித் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரசாயனவியல் நோட்ஸ் ஒரு பிடிஎஃப் கோப்பு. சேர்வரைப் பொறுத்தவரை அது நிலையானது. ஆனால் விடையில் ஒரு பிழை கண்டால் சேர் அதே பெயரில் திருத்திய கோப்பை ஏற்றிவிடுவார். அறிவித்தல் பக்கம் பிஎச்பியில் ஓடுவது, ஆகவே மாறும் பக்கம். ஆனால் அது முந்நூறு பிள்ளைகளுக்கும் ஒரே பக்கம்தான். ஒருவருக்குச் செய்ததை மற்றவருக்கும் கொடுக்கலாம். புள்ளிகள் பக்கமும் பிஎச்பிதான். அதை ஒருவருக்குச் செய்து மற்றவருக்குக் கொடுத்தால் கதை கந்தல்.

அதனால் நான் கேட்கும் கேள்விகள் வேறு. இந்த முகவரியில் உள்ளது என்றைக்காவது மாறுமா? எல்லோருக்கும் ஒரே உள்ளடக்கமா? பழைய பிரதியைப் பார்த்தால் யாருக்கு என்ன நட்டம்? மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியம். பழைய லோகோவைப் பார்த்தால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. பழைய அறிவித்தலைப் பார்த்தால் ஒரு பிள்ளை மழையில் நனையும்.

தெரிவு ஒன்று: ஒன்றும் செய்யாமல் விடுவது

பெரும்பாலான சின்னத் தளங்கள் இதில்தான் இருக்கின்றன. கேஷ் பற்றி ஒரு ஹெடரும் அனுப்பாவிட்டால் பிரவுசர் ஒன்றையும் வைத்துக்கொள்ளாது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. எச்டிடிபி கேஷுக்கான விதிநூல், 2022இல் வந்த ஆர்எஃப்சி 9111, தவணை சொல்லப்படாத இடத்தில் பிரவுசரே ஊகித்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. வழக்கமான ஊகம், கோப்பு கடைசியாக மாறிய நாளிலிருந்து இன்றுவரை உள்ள காலத்தில் பத்தில் ஒரு பங்கு. 200 நாளைக்கு முன் ஏற்றிய நோட்ஸை ஒரு பிள்ளை இன்று திறந்தால் போன் அதை 20 நாள் வரை கேட்காமலே வைத்திருக்கலாம். நாளைக்குச் சேர் அதைத் திருத்தினால் அந்தப் பிள்ளைக்குத் திருத்தம் போகாது. மற்றப் பிள்ளைக்குப் போகும்.

பிஎச்பி பக்கங்கள் பொதுவாகக் கடைசியாக மாறிய நேரத்தைச் சொல்வதில்லை. ஊகிக்க ஆதாரம் இல்லாததால் அவை ஒவ்வொரு முறையும் முழுதாக இறங்கும். ஆக, திருத்தக்கூடிய நோட்ஸ் பழையதாக நிற்கும், மாறாத பக்கம் திரும்பத் திரும்ப இறங்கும். எல்லாத் தெரிவிலும் இதுதான் மோசம் என்பேன். பிழையான தவணையையாவது நாம் தெரிந்தே வைக்கிறோம். இங்கே தவணை என்ன என்பதே நம் கையில் இல்லை.

தெரிவு இரண்டு: எதையும் வைக்காதே

சூடுபட்ட பூனை நான். அன்று மத்தியானமே எல்லாவற்றுக்கும் “கேஷ்-கொன்ட்ரோல்: நோ-ஸ்டோர்” போட்டேன். பிரவுசர் எதையும் சேமிக்கக் கூடாது என்று அர்த்தம். அறிவித்தல் உடனுக்குடன் தெரிந்தது. சேருக்குச் சந்தோஷம்.

கணக்கைப் பார்ப்போம். ஸ்டைல்ஷீட் 40 கிலோபைட், ஸ்கிரிப்ட் 90, தமிழ் எழுத்துரு 60, லோகோ 25. மொத்தம் 215 கிலோபைட். 300 பிள்ளைகள் நாளுக்கு நாலு தரம் திறந்தால் 258 மெகாபைட், அதுவும் ஒருபோதும் மாறாத அலங்காரத்துக்கு மட்டும். ஒரு பிள்ளையின் பங்கு மாதம் 26 மெகாபைட்டுக்குக் கிட்ட வரும். பெரிய தொகையாகத் தெரியாது. நோட்ஸ் கணக்கைச் சேர்த்தால்தான் குத்தும். 4 மெகாபைட் பிடிஎஃப் ஒன்றைப் பரீட்சைக்கு முன் பத்துத் தரம் திறந்தால் 40 மெகாபைட். பாடத்துக்கு ஒன்று, அலகுக்கு ஒன்று என்று அது பெருகும். அம்மாவின் போனுக்கு ரீலோட் போட்டுப் படிக்கும் பிள்ளைக்கு அது காசு.

இன்னொரு தொல்லையும் உண்டு. பின்னால் போகும் பொத்தானை அழுத்தினால் முந்திய பக்கத்தை அப்படியே தூக்கி நிறுத்தும் வசதி இன்றைய பிரவுசர்களில் இருக்கிறது. நோ-ஸ்டோர் போட்ட பக்கத்துக்கு அந்த வசதி எல்லாப் பிரவுசரிலும் எல்லா நேரமும் கிடைப்பதில்லை. அப்போது பின்னால் போனாலும் திரும்ப இறக்க வேண்டும்.

நோ-ஸ்டோர் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தெரிவு மூன்று: வைத்துக்கொள், ஆனால் கேட்டுவிட்டுக் காட்டு

பெயரிலேயே குழப்பம் உள்ள ஹெடர் இது: நோ-கேஷ். கேஷ் பண்ணாதே என்று சொல்வதுபோல் இருக்கிறது. உண்மையில் பிரதியை வைத்துக்கொள்ளலாம், காட்டுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் “இது இன்னும் சரியா?” என்று சேர்வரிடம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். நோ-ஸ்டோரையும் நோ-கேஷையும் மாற்றிப் போட்டவர்களை நான் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறேன், கண்ணாடியிலும் பார்த்திருக்கிறேன்.

கேட்பதற்கு ஓர் அடையாளம் வேண்டும். அதுதான் ஈடேக். சேர்வர் கோப்போடு சேர்த்து ஒரு முத்திரை எழுத்தை அனுப்பும். அடுத்த முறை பிரவுசர் அதைத் திருப்பிக் காட்டும். கோப்பு மாறவில்லையென்றால் 304 என்ற பதில் மட்டும் வரும், உடல் வராது. 4 மெகாபைட் நோட்ஸுக்குப் பதிலாகச் சில நூறு பைட். கடைசியாக மாறிய நேரத்தைச் சொல்லும் லாஸ்ட்-மொடிஃபைட் ஹெடரும் இதே வேலையைச் செய்யும். அது விநாடிக் கணக்கில் மட்டும் அளப்பது, அதனால் ஒரே விநாடிக்குள் இரண்டு தரம் மாறினால் ஏமாறும். எங்கள் சேர் அவ்வளவு வேகக்காரர் இல்லை.

இரண்டு மாதம் முழுத் தளத்தையும் இதில் ஓட்டினேன். நேர்மையான தெரிவு. பழையது தெரியவே தெரியாது, டேட்டாவும் மிச்சம். ஆனால் வேகம் கைகொடுக்கவில்லை, அதற்குக் காரணம் தூரம். 304 சின்னப் பதில்தான், ஆனாலும் போய்த் திரும்ப வேண்டும். அமெரிக்காவில் கிடக்கும் மலிவு ஹொஸ்டிங்குக்கு ஒரு போக்குவரத்துக் கால் விநாடி அளவில் எடுக்கும். பிரவுசர் முதலில் பக்கத்தைக் கேட்கிறது. பக்கம் வந்தபிறகுதான் ஸ்டைல்ஷீட் இருப்பது அதற்குத் தெரியும், அதைக் கேட்கிறது. அது வந்தபிறகுதான் எழுத்துரு தேவை என்று தெரியும், அதைக் கேட்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பயணம். மூன்றுக்கும் “மாறவில்லை” என்றே பதில். ரவுணுக்குள் இது பெரிதாகத் தெரியாது. படுவான்கரைப் பக்கம், சிக்னல் ஒரு கோடும் அரைக் கோடுமாக ஆடும் இடத்தில், ஒவ்வொரு பயணமும் விநாடிக் கணக்கில் இழுக்கும். கொக்கட்டிச்சோலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை “எழுத்தெல்லாம் கொஞ்ச நேரம் வெள்ளையாக் கிடந்து மறுகாதான் வருது” என்று சொன்னது இந்த எழுத்துருப் பயணத்தைத்தான்.

ஈடேக்கிலும் நுணுக்கம் இருக்கிறது. என்ஜின்எக்ஸ் என்ற சேர்வர் மென்பொருள் அதைக் கோப்பு மாறிய நேரத்தையும் அளவையும் கொண்டு செய்கிறது. சேர்வர் மாற்றும்போது நேரத்தைப் பேணாமல் கோப்புகளைப் பிரதி எடுத்தால் ஓர் எழுத்துக்கூட மாறாத கோப்பும் புதிதாகத் தெரியும். எல்லாப் போனும் எல்லாவற்றையும் மீண்டும் இறக்கும். பிஎச்பி பக்கத்துக்கு ஈடேக் தானாக வராது. நீங்கள்தான் கோடில் செய்ய வேண்டும். பக்கம் முழுவதையும் உருவாக்கி முடித்துவிட்டு அதன் ஹேஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் குறுகிய குறியை) ஈடேக்காகக் கொடுத்தால் அனுப்பும் பைட்தான் மிச்சம். தரவுத்தளத்தைக் கிண்டிய வேலை கிண்டியதுதான். அறிவித்தல் கடைசியாக மாறிய நேரத்தை வைத்து முத்திரை செய்து, பொருந்தினால் அங்கேயே 304 கொடுத்து நிறுத்துவது நல்லது. எங்கள் தளத்தில் அது பத்து வரிக் கோடுக்குள் முடிந்தது.

தெரிவு நாலு: பெயரை மாற்று, காலத்தை நீட்டு

அலங்காரக் கோப்புகளுக்கு இதுதான் வெற்றி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தயிர்ச் சட்டியை வாங்கிப்போனவர் வீட்டுக்குள் புகுந்து திரும்ப எடுக்க முடியாது. நீண்ட தவணையின் ஆபத்து அதுதான். போனுக்குள் போன பிரதியைச் சேர்வரால் திரும்பக் கூப்பிட முடியாது. சரி, அப்படியென்றால் கூப்பிடத் தேவையே இல்லாதபடி செய்தால்? ஸ்டைல்ஷீட்டின் பெயரிலேயே ஒரு பதிப்பு எண் வைக்கிறோம், இப்போது ஏழு என்று கொள்வோம். மாற்றம் வந்தால் ஏழாம் எண் கோப்பைத் தொடுவதில்லை. எட்டாம் எண்ணில் புதுக் கோப்பு ஏற்றி, பக்கத்தில் அதைக் காட்டுகிறோம். ஏழாம் எண் கோப்பின் உள்ளடக்கம் என்றைக்கும் மாறாது. மாறாத ஒன்றுக்கு ஒரு வருடத் தவணை கொடுக்கப் பயமென்ன? “மக்ஸ்-ஏஜ்=31536000” (ஒரு வருடத்தின் விநாடிக் கணக்கு), அதோடு “இம்யூட்டபிள்” என்ற சொல். இந்த இரண்டாவது சொல் 2017இல் வந்த ஆர்எஃப்சி 8246இல் இருக்கிறது: பயனர் ரிஃப்ரெஷ் பண்ணினாலும் இதைப்பற்றி வந்து கேட்காதே என்று பிரவுசருக்குச் சொல்வது. எல்லாப் பிரவுசரும் அதை மதிப்பதில்லை, மதிக்காதவற்றுக்கு அதனால் கெடுதலும் இல்லை.

பக்கத்துக்கு மட்டும் நோ-கேஷ். இப்போது கணக்கு என்ன? இரண்டாம் முறை திறக்கும் பிள்ளைக்கு ஒரே ஒரு பயணம், பக்கத்துக்காக. மற்றதெல்லாம் போனிலேயே இருக்கிறது. மூன்று பயணம் ஒன்றாகிவிட்டது.

இதில் நான் விழுந்த குழி ஒன்று. புதிய பக்கத்தை முதலில் ஏற்றிவிட்டு, புதிய ஸ்டைல்ஷீட்டைப் பிறகு ஏற்றினேன். இடையில் வந்தவர்களுக்கு எட்டாம் எண் கோப்பு இல்லை, பக்கம் உடுப்பில்லாமல் நின்றது. கோப்புகள் முதலில், பக்கம் பிறகு. பழைய ஏழாம் எண் கோப்பையும் உடனே அழிக்கக் கூடாது. பழைய பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும் ஆள் எங்கேயாவது இருப்பார்.

எண்ணைக் கோப்பின் பெயரில் வைப்பதா, கேள்விக்குறிக்குப் பின்னால் வைப்பதா என்று ஒரு வாதம் இருக்கிறது. இரண்டும் வேலை செய்யும். கருவி இருந்தால் பெயரில் வையுங்கள், கையால் எழுதும் சின்னத் தளமென்றால் கேள்விக்குறி போதும்.

“பிரபலமான ஸ்கிரிப்டைப் பொதுச் சிடிஎன்னிலிருந்து எடு, வேறு தளத்தில் அதை ஏற்கெனவே இறக்கியிருப்பார்கள்” என்று பழைய பாடங்களில் ஓர் ஆலோசனை வரும். சிடிஎன் என்பது பல ஊர்களில் பிரதி வைத்துக் கொடுக்கும் நடுச் சேர்வர்கள். அதை மறந்துவிடலாம். 2020இல் குரோம் 86ஆம் பதிப்போடு ஒவ்வொரு தளத்துக்கும் கேஷ் தனித்தனியாகிவிட்டது. சஃபாரி அதற்கும் முன்பே பிரித்துவிட்டது. ஒரு தளத்தில் இறக்கியது மற்றத் தளத்துக்கு உதவாது.

நோட்ஸுக்கு ஏன் இந்த வழியைப் பாவிக்கவில்லை என்று கேட்பீர்கள். அந்த இணைப்புகள் வட்ஸ்அப் குழுக்களில் பறந்து திரிகின்றன. பெயரை மாற்றினால் பழைய இணைப்பைத் தட்டுகிறவருக்குப் பிழையான விடை உள்ள நோட்ஸே கிடைக்கும். முகவரி மாறக் கூடாத, உள்ளடக்கம் மாறக்கூடிய கோப்பு அது. அதற்கு நோ-கேஷும் ஈடேக்கும்தான் சரி. ஒரு மணி நேரத் தவணை கொடுக்கலாமே என்றும் பார்த்தேன். 4 மெகாபைட்டை மிச்சம் பிடிப்பது 304தான். அதற்கு மேல் அந்த ஒரு மணி நேரம் மிச்சம் பிடிப்பது ஒரு பயணத்தை மட்டும். அதற்காகத் திருத்தத்தைத் தாமதிக்க மனமில்லை.

எல்லோருக்கும் ஒரே அறிவித்தல், சனம் ஒரேயடியாக வரும் நாள்

அறிவித்தல் பக்கத்துக்கு 60 விநாடித் தவணை கொடுத்தால் என்ன? ஒரே பிள்ளை ஒரு நிமிடத்துக்குள் இரண்டு தரம் திறப்பது குறைவு, ஆகவே போனில் வைப்பதால் பெரிய இலாபம் இல்லை. இலாபம் இருப்பது சேர்வர் பக்கம். மாதிரிப் பரீட்சைப் புள்ளிகள் வெளியாகிவிட்டன என்று குழுவில் செய்தி விழுந்ததும் ஒரு நிமிடத்துக்குள் 300 பேரும் வந்தால் பிஎச்பி 300 தரம் ஓடி அதே பக்கத்தை 300 தரம் செய்கிறது. என்ஜின்எக்ஸிலேயே 10 விநாடிக்கு அந்தப் பக்கத்தைப் பிடித்து வைத்தால் நிமிடத்துக்கு ஆறு தரம் ஓடினால் போதும். பத்து விநாடி பழைய அறிவித்தலால் எவரும் மழையில் நனையப்போவதில்லை.

இதைச் சிடிஎன்னிடம் கொடுப்பது அடுத்த வழி. அதற்கென்றே எஸ்-மக்ஸ்ஏஜ் என்ற தனித் தவணை இருக்கிறது. நடுவில் உள்ள பொதுக் கேஷுக்கு அது, பிரவுசருக்கு மக்ஸ்-ஏஜ். இரண்டையும் வேறு வேறாக வைக்கலாம். கிளவுட்ஃபிளேர் என்ற சிடிஎன்னைப் போட்டால் எல்லாம் தானாக நடக்கும் என்று நம்பாதீர்கள். அது வழக்கமாகக் கோப்பு வகையைப் பார்த்துப் படம், ஸ்டைல்ஷீட், ஸ்கிரிப்ட் போன்றவற்றைத்தான் பிடித்து வைக்கும். எச்டிஎம்எல் பக்கத்தை நீங்கள் தனியாக விதி எழுதிச் சொன்னால்தான் வைக்கும். அந்த விதியை “எல்லாவற்றையும் வை” என்று அவசரத்தில் எழுதினால் லொகின் பண்ணிய பிள்ளையின் பக்கமும் அதற்குள் போகும். சொந்தச் சேர்வர் இருந்தால் நான் என்ஜின்எக்ஸின் பத்து விநாடியைத்தான் எடுப்பேன். பகிர்ந்த ஹொஸ்டிங்கில் அந்த வசதி பெரும்பாலும் கிடைக்காது, அங்கே சிடிஎன்தான் வழி.

புள்ளிகள் பக்கம்

இங்கே இரண்டு தெரிவு: “பிரைவேட், நோ-கேஷ்” அல்லது “நோ-ஸ்டோர்”. முதலாவது நடுவில் உள்ள எவரும் வைக்கக் கூடாது, அந்தப் பிள்ளையின் பிரவுசர் மட்டும் வைத்துக்கொண்டு கேட்டுக் காட்டலாம் என்று சொல்கிறது. இரண்டாவது ஒருவரும் வைக்கக் கூடாது.

வீட்டில் ஒரு போன், அதை அண்ணனும் தங்கச்சியும் மாறி மாறிப் பாவிக்கிறார்கள். அண்ணன் லொகவுட் பண்ணிவிட்டுக் கொடுக்க, தங்கச்சி பின்னால் போகும் பொத்தானை அழுத்த, அண்ணனின் 38 புள்ளி பளிச்சென்று தெரியும். நோ-கேஷ் இந்த இடத்தில் எல்லா நேரமும் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. பின்னால் போகும்போது பிரவுசர் கேட்காமலே காட்டலாம். ஆகவே புள்ளிகள், கட்டணம், முகவரி வரும் பக்கங்களுக்கு நோ-ஸ்டோர். லொகின் பண்ணிய பிள்ளையின் நேரசூசிக்குப் “பிரைவேட், நோ-கேஷ்” போதும். அதை யார் பார்த்தாலும் குடும்பத்தில் சண்டை வராது.

பிஎச்பியில் செஷன், அதாவது லொகின் பண்ணியவரை நினைவில் வைக்கும் ஏற்பாடு, தொடங்கினாலே இது பாதி தானாக நடக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. செஷன் தொடங்கும் கட்டளை வழக்கமாக நோ-ஸ்டோர், நோ-கேஷ் எல்லாம் சேர்த்து அனுப்பும். கூடவே 1981 நவம்பர் 19 என்று காலாவதித் தேதி ஒன்றும் போகும். யாருடைய தளத்திலாவது 1981 என்று கண்டால் பேய் என்று பயப்பட வேண்டாம், பிஎச்பிதான். வில்லங்கம் எங்கே வருகிறது என்றால், செஷன் கட்டளையை எல்லாப் பக்கமும் சேர்த்துக்கொள்ளும் பொதுத் தலைப்புக் கோப்பில் எழுதிவிடுகிறோம். உடனே லொகினே தேவையில்லாத அறிவித்தல் பக்கமும் நோ-ஸ்டோர் ஆகிவிடும். நான் பத்து வரியில் எழுதிய ஈடேக் இரண்டு நாள் வேலை செய்யாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

எங்கே எழுதுவது

ஹெடரை என்ஜின்எக்ஸ் கொன்பிக்கில் எழுதலாம், அப்பாச்சி என்ற மற்றச் சேர்வர் மென்பொருள் என்றால் எச்டிஅக்செஸ் கோப்பில் எழுதலாம், பிஎச்பி கோடிலும் எழுதலாம். என் தீர்ப்பு: கோப்புகளுக்குச் சேர்வர், பக்கங்களுக்குக் கோட். ஒரு முகவரிக்கு ஒரே இடம். இரண்டு இடத்திலும் எழுதினால் ஒரே பதிலில் இரண்டு கேஷ்-கொன்ட்ரோல் போகக்கூடும். ஒன்று 30 நாள் என்னும், மற்றது வைக்காதே என்னும்.

என்ஜின்எக்ஸில் ஹெடர் சேர்க்கும் எட்-ஹெடர் கட்டளைக்கு ஒரு கள்ளக் குணம் உண்டு. வெளியே பொதுவாக எழுதிய ஹெடர்கள் உள்ளே இருக்கும், குறிப்பிட்ட முகவரிகளுக்கான லொக்கேஷன் பகுதிக்கும் வரும் என்று நினைப்போம். உள்ளே நீங்கள் ஒரேயொரு எட்-ஹெடர் எழுதினால்கூட வெளியே எழுதிய அத்தனையும் அந்தப் பகுதிக்கு இல்லாமல் போகும். கேஷுக்காக ஒரு வரி சேர்க்கப்போய் எச்டிடிபிஎஸ்ஸைக் கட்டாயமாக்கும் ஹெடரையும், கோப்பு வகையைப் பிரவுசர் ஊகிக்காமல் தடுக்கும் நோஸ்னிஃப் ஹெடரையும் இழந்தவர்கள் உண்டு. இரண்டாவது குணம், “ஓல்வேஸ்” என்ற சொல் சேர்க்காவிட்டால் 404, 500 போன்ற பிழைப் பதில்களுக்கு அந்த ஹெடர் போகாது.

எச்டிஅக்செஸில் கோப்பு வகைக்கு ஏற்ப தவணை எழுதும் துண்டுகளை இணையத்திலிருந்து வெட்டி ஒட்டுவது வழக்கம். அதில் எச்டிஎம்எல் வகைக்கும் ஒரு மாதம் என்று வரி இருந்தால் அழித்துவிடுங்கள். பிஎச்பி கொடுக்கும் பக்கமும் எச்டிஎம்எல் வகைதான். சேர்வருக்கு வித்தியாசம் தெரியாது.

தமிழ்ப் பக்கங்களுக்கென்று ஒரு சொல். “மட்டக்களப்பு” எட்டு எழுத்து. யுனிகோடில் 12 குறியீடு, யுடிஎஃப்-8இல் குறியீட்டுக்கு மூன்று பைட் வீதம் 36 பைட். ஆனால் தமிழுக்கு உரிய ஒவ்வொரு குறியீட்டுக்கும் முதல் பைட் ஒன்றுதான், இரண்டாவது பைட்டும் இரண்டில் ஒன்று. அதனால் ஜிசிப் என்ற சுருக்கும் முறையைப் போட்டால் நன்றாகச் சுருங்கும். போடாமல் இருப்பது வீண் செலவு. கொன்டென்ட்-டைப் ஹெடரில் யுடிஎஃப்-8 என்று சொல்ல மறக்க வேண்டாம். ஹெடர் வேறு எழுத்துமுறையைச் சொன்னால் பக்கத்துக்குள் எழுதிய மெட்டா வரி எடுபடாது. தலையில் கோடு போட்ட ஆங்கில ஏயும் வட்டத்துக்குள் ஆரும் வரிசையாக வரும்.

சோதிப்பதற்குக் கேர்ல் கட்டளையில் ஹெடரை மட்டும் கேட்டுப் பாருங்கள், அல்லது பிரவுசரின் டெவ்டூல்ஸில் நெட்வேர்க் பகுதியைத் திறவுங்கள். அங்கே “கேஷை நிறுத்து” என்ற பெட்டியில் அடையாளம் இருந்தால் எடுத்துவிடுங்கள். அதோடு சோதித்துவிட்டு எல்லாம் புதிதாகத்தான் வருகிறது என்று நானும் ஒருமுறை சேருக்கு உறுதி கொடுத்திருக்கிறேன். ரிஃப்ரெஷ் பண்ணாமல், பிள்ளைகள் செய்வதுபோல, வட்ஸ்அப்பில் இருக்கும் இணைப்பைத் தட்டிப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை.

அந்தச் சனிக்கிழமைக் கதையை முடிக்கவில்லை. கொன்பிக்கைத் திருத்தியும் ஏற்கெனவே 30 நாள் பிரதி வாங்கிய போன்கள் வந்து கேட்கவில்லை, கேட்கக் காரணமும் இல்லை. முகவரிக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறியும் எண்ணும் சேர்த்துப் புது இணைப்பைக் குழுவில் போட்டோம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதோடு சரியாயிற்று. ஒரு பிள்ளை மட்டும் பழைய முகவரியை போனின் முகப்பில் குறுக்குவழியாக வைத்திருந்தது. அந்தப் போனில் தைப்பொங்கல் வரை சனிக்கிழமை வகுப்பு வழமைபோல் 6.30க்கே நடந்துகொண்டிருந்தது.